உடன்பிறந்த யதீம்களுக்கு ஒரு வீடு: கஃபாலாவும் நாட்டுச் சட்டமும்

யதீம் என்று சொன்னதும் நம் மனதில் ஒரு பிள்ளைதான் வந்து நிற்கிறது. தலையைத் தடவிக் கொடுக்க ஒரு பிள்ளை, பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்க ஒரு பிள்ளை, மாதம் இவ்வளவு என்று காசு அனுப்ப ஒரு பிள்ளை. ஆனால் மௌத்து ஒரு வீட்டுக்குள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து வருவதில்லை. இரண்டு, மூன்று, நாலு என்று சேர்ந்தேதான் யதீமாகிறார்கள். அவர்களை யார் எடுப்பது என்ற பேச்சு மௌத்து வீட்டு முற்றத்திலேயே தொடங்கிவிடும். "மூத்த பொடியன நான் பாக்கிறன். சின்னத மாமி கொண்டு போகட்டும். பொம்புளப் புள்ளைய எங்கயாவது மத்ரஸாவில சேர்ப்பம்." நல்ல மனதோடு பேசப்படும் பேச்சுத்தான். அது முடியும்போது மூன்று பிள்ளைகளும் மூன்று ஊரில் இருப்பார்கள்.

அந்த மூன்று பேரையும் ஒரே வீட்டில் வைத்திருக்க நம் மார்க்கத்திலும் நாட்டுச் சட்டத்திலும் என்ன வழி இருக்கிறது என்பதை யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து விளக்க முயல்கிறேன். தீவகத்தைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. நயினாதீவிலும் மண்கும்பானிலும் பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த காலத்தில் இப்படியொரு கேள்வியே பெரிதாக எழுந்திருக்காது. சாச்சா அடுத்த வளவில், மாமி பின் ஒழுங்கையில். பிள்ளை காலையில் ஒரு வீட்டில் சாப்பிட்டு இரவில் இன்னொரு வீட்டில் படுத்தாலும் அது ஒரே குடும்பம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 அன்று கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். யுத்தம் தீவக மக்களையும் சிதறடித்தது. 2009க்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் உறவு முழுவதுமாகத் திரும்பி வரவில்லை. சாச்சா கற்பிட்டியில், மாமி பாணந்துறையில், மூத்தம்மா புத்தளத்தில். யதீம்களைப் பங்கு போடும் பழைய பேச்சு இப்போதும் அதே வார்த்தைகளில்தான் நடக்கிறது. முன்னர் அந்தப் பங்கு ஒழுங்கைக்கு ஒழுங்கை. இப்போது மாகாணத்துக்கு மாகாணம்.

பேச்சுக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். நயினாதீவில் ஒரு வீடு. வாப்பா கடலில் மௌத்தாகிவிட்டார், அடுத்த ஆண்டில் நோயில் உம்மாவும். மூத்தது பதினைந்து வயதுப் பெண். அடுத்தது ஒன்பது வயது ஆண். கடைசி மூன்று வயது ஆண்.

நம்மவர்கள் முதலில் கேட்பது, "சட்டப்படி தத்தெடுக்கலாமா?" என்பது. இலங்கையில் இதற்குரிய சட்டம் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையால் நடப்பது. எடுப்பவருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுவாகப் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதமும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகவேற்கப்படும் பிள்ளை 14 வயதுக்குக் கீழ்ப்பட்டதாக இருக்க வேண்டும்.

இந்த 14ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் மூன்று பிள்ளைகளில் மூத்தவளுக்கு இந்தக் கதவு ஏற்கெனவே மூடிவிட்டது. தம்பிமார் இருவருக்கும் திறந்திருக்கிறது. கட்டளையும் பிள்ளைக்கு ஒன்றாகத் தனித்தனியே பிறப்பிக்கப்படுவது. உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளையில்லாத ஒரு தம்பதி வந்தால் அவர்கள் கண் போவது மூன்று வயதுக்காரனிடம்தான். "சின்னதெண்டா எங்களோட ஒட்டிக்கொள்ளும், மற்றதுகள் எல்லாம் தெரிஞ்சதுகள்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் உம்மா போனபிறகு அந்தச் சின்னவனுக்குச் சோறு ஊட்டியவள் யார்? அந்தப் பதினைந்து வயதுக்காரி. அவளிடமிருந்து அவனை எடுப்பது அவனுக்கு இரண்டாவது முறை உம்மா மௌத்தாவது போல.

இனி மார்க்கத்தின் பக்கம். ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்களின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்கள் அவரைத் தம் மகனாக அறிவித்திருந்தார்கள். மக்கள் அவரை ஸைத் பின் முஹம்மத் என்றே அழைத்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டுமென்று அஹ்ஸாப் அத்தியாயத்தின் நாலாம், ஐந்தாம் வசனங்கள் இறங்கியதும் அவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். அன்பு குறையவில்லை, நசப் மட்டும் அதன் இடத்துக்குத் திரும்பியது. ஆகவே பிறந்த வாப்பாவின் பெயரை அழித்து, வளர்ப்பவரின் பெயரை எழுதி, வாரிசாக்கும் தத்து முறை நமக்கு இல்லை. நாட்டுச் சட்டமும் ஒரு வகையில் இதையே சொல்லியிருக்கிறது. முஸ்லிம் ஒருவர் மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின்படி எடுத்து வளர்த்த பிள்ளைக்கு, மரணசாசனம் இல்லாத நிலையில், அவருடைய சொத்தில் வாரிசுரிமை இல்லை. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமின்றிய வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமே அங்கு பொருந்தும். 1980களில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன கௌஸ் எதிர் கௌஸ் வழக்கின் தீர்ப்பு இது. வளர்ப்புப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புகிறவர் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம், அல்லது மூன்றிலொன்றுக்குள் வஸிய்யத் செய்யலாம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். "தத்து ஹராம்" என்பதோடு பேச்சு முடிகிறது. அடுத்து வருவது அநாதை இல்லத்துக்கான விண்ணப்பப் படிவம். இரண்டுக்கும் நடுவில் மார்க்கம் வைத்திருக்கும் பெரிய இடத்தின் பெயர்தான் கஃபாலா.

கஃபாலா என்ற சொல்லுக்கு நம் காலத்தில் நேர்ந்ததைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்குக் கஃபீல் என்றால் கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவன். வளைகுடாத் தொண்டு நிறுவனங்களின் உதவி பெற்ற குடும்பங்களுக்குக் கஃபாலா என்றால் யதீமின் பெயரில் மாதாமாதம் வரும் காசும், வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் புகைப்படமும். அரசாங்கத்தின் 'செவன சரண' திட்டத்திலும் இதே கதைதான்: வளர்ப்புப் பெற்றோர் என்ற பெயர், வேலை மாதாந்தப் பண உதவி. காசு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் குர்ஆனில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால் அங்கே இருப்பது ஒரு வீடு. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்தார்கள்; ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு விழுந்தது; அவர் அந்தப் பிள்ளை இருந்த இடத்துக்கே போய்ப் போய்ப் பார்த்தார். ஆலு இம்ரான் அத்தியாயம் அந்தப் பொறுப்பேற்பை இதே வேர்ச்சொல்லால் குறிக்கிறது.

இன்னோர் இடம் நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் தாயார் குழந்தையை ஆற்றில் விட்ட பிறகு, அதன் ராத்தாவைப் பின்னால் அனுப்புகிறார். அந்தச் சிறுமி தூரத்தில் நின்றே பார்க்கிறாள். குழந்தை எவருடைய பாலையும் குடிக்க மறுத்தபோது அவள் முன்வந்து, இவனைப் பொறுப்பேற்று வளர்க்கும் ஒரு வீட்டாரைக் காட்டித் தரட்டுமா என்று கேட்கிறாள். அங்கும் கஃபாலாவின் வேர்ச்சொல்தான். தன் தம்பிக்கு வளர்ப்பு வீடு தேடிக் கொடுத்தவள் உடன்பிறந்தவள். அவள் காட்டிய வீடு சொந்த வீடாகவே இருந்தது. ஓதும்போது நாம் தாயைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறோம். ராத்தாவை எப்போதாவதுதான் நினைக்கிறோம்.

"அபூதாலிபின் பிள்ளைகளைப் பிரித்துத்தானே எடுத்தார்கள்?" என்று ஒரு ஜமாஅத்தில் என்னிடம் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மக்காவில் பஞ்சம் வந்தபோது, குடும்பப் பாரம் கூடியிருந்த அபூதாலிபின் சுமையைக் குறைக்க நபி (ஸல்) அவர்கள் அலீ (ரழி) அவர்களையும், அப்பாஸ் (ரழி) அவர்கள் ஜஃபர் (ரழி) அவர்களையும் தம் வீடுகளுக்கு அழைத்துக்கொண்டதை இப்னு ஹிஷாமின் ஸீறாவில் காணலாம். அபூதாலிப் அகீலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஆனால் தூரத்தைப் பாருங்கள். மூன்று வீடும் ஒரே பள்ளத்தாக்கு, ஒரே குலம், கூப்பிடு தூரம். தகப்பன் உயிரோடு இருக்கிறார். ஒரு வீட்டுக்கு மூவரையும் தாங்க முடியாதென்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வைக்கலாம் என்பதற்கு இது ஆதாரமாகும். நயினாதீவுப் பிள்ளைகளில் ஒன்றைக் கற்பிட்டிக்கும் ஒன்றைப் பாணந்துறைக்கும் அனுப்புவதற்கு ஆகாது.

சரி, கஃபாலாவை இலங்கைச் சட்டத்தில் எப்படிச் செய்வது? சும்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைக்கும்போது, அடையாள அட்டை எடுக்கும்போது "நீங்கள் யார்?" என்ற கேள்வி வரும். பதில் இருக்கிறது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை, உறவினரோ அல்லாதவரோ, மனமுள்ள ஒரு 'தகுந்த ஆளின்' பொறுப்பில் ஒப்படைக்க நீதவானுக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. இதில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் மாறாது. வாப்பாவின் பெயர் அப்படியே இருக்கும். வாரிசுரிமைக் குழப்பம் இல்லை. மகவேற்றலைத் தடுக்கும் அந்தப் 14 வயது எல்லை இங்கு தடையாக நிற்காது. நம் மூத்தவளுக்கும் தம்பிமாருக்கும் ஒரே வீட்டாரின் பெயரில் கட்டளை கேட்கலாம். யோசித்துப் பார்த்தால், கஃபாலாவுக்கென்றே நம் உலமாக்கள் உட்கார்ந்து எழுதியது போல இருக்கிறது. எழுதியது என்னவோ பிரித்தானியர் காலத்துச் சட்டசபை. மொரோக்கோ 2002இல் கஃபாலாவுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. அல்ஜீரியாவின் 1984 குடும்பச் சட்டத்தில் அதற்கென்று ஒரு பகுதி உண்டு. நமக்குத் தனிச் சட்டம் இல்லை. இருக்கும் கதவையாவது பயன்படுத்தலாம்.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில், 20 ஆம் உறுப்புரையில், கஃபாலா பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பிள்ளையின் மதம், மொழி, பண்பாட்டுப் பின்னணி கவனிக்கப்பட வேண்டுமென்றும் அதே உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றது. பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன: துஷ்பிரயோக ஆபத்து போன்ற தக்க காரணம் இல்லாமல் பிணைப்புள்ள உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது, பிரிக்க நேர்ந்தாலும் தொடர்பு அறுந்துபோக விடக் கூடாது. நீதிமன்றத்தில் பேசப் போகிறவர் இந்த இரண்டையும் கையில் வைத்திருப்பது நல்லது.

இப்போது எல்லோரும் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். "பொம்புளப் புள்ள பெரியவளாயிட்டா. வீட்டுல ஆம்புள இருக்காரு. மஹ்ரம் இல்ல." இதனால்தான் பெண் பிள்ளை பெண்கள் விடுதிக்கும், ஆண் பிள்ளைகள் ஆண்கள் இல்லத்துக்கும் போகிறார்கள். கவலை நியாயமானது, அதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மஸ்அலாவைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பால்குடி உறவு நம் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு வயதுக்குள் ஐந்து முறை பாலூட்டினால்தான் ஏற்படும். நம் மூன்று வயதுக்காரனுக்கே அது கடந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்து பால் கொடுத்திருந்தாலும், அந்த உறவு அவனோடு நிற்குமே தவிர அவன் ராத்தாவுக்குப் போகாது. ஆகவே அந்த வழி இல்லை. உறவு முறையில் பார்த்தால் சாச்சாவும் மாமாவும் அந்தப் பெண்ணுக்கு நிரந்தர மஹ்ரம். உம்மாவின் தங்கையுடைய கணவர் அப்படி அல்ல. நாம் பெரும்பாலும் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது சாச்சியின் வீட்டில்தான். அங்கும் ஹிஜாபும் தனி அறையும் வேண்டும். அந்நியக் குடும்பத்துக்கு வேண்டியதும் அதே ஹிஜாபும் அதே தனி அறையும்தான்.

அப்படியானால் அந்த வீட்டுக்குள் அவளுக்கு நிரந்தர மஹ்ரமாக இருக்கக்கூடியவர் யார்? அவளுடைய தம்பிமார். ஒன்பது வயதுக்காரன் நாலைந்து வருடத்தில் வளர்ந்த பையன். மஹ்ரம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, அவளுக்கு இருக்கும் மஹ்ரமையே நாம் வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். இதை நான் சொன்னபோது ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வலியும் அவன்தானே" என்றார். உண்மைதான். வாப்பாவும் வாப்பாவின் வாப்பாவும் இல்லாத பெண்ணுக்கு ஷாபிஈ மத்ஹபின்படி அடுத்த வலி, பருவமடைந்த உடன்பிறந்த சகோதரன். நாளைக்கு அவளுடைய நிகாஹ் பதிவில் கையெழுத்து வைக்க வேண்டியவன் அவன். அவளுக்கு என்ன பிடிக்கும், யாரைக் கண்டால் பயப்படுவாள் என்று தெரியாத ஒருவனாக, பஸ்ஸில் வந்து இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஒருவனாக அவனை நாம் வளர்க்கிறோம். ஒருவருக்கொருவர் வாரிசாகக் கூடியவர்களும் இவர்களே. வளர்ப்பவரின் சொத்தில் பங்கில்லாத இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தாலும் ஷரீஅத்தாலும் உறுதியாக மிஞ்சியிருப்பது ஒருவருக்கு ஒருவர்தான்.

சிதறிய உடன்பிறப்புகள் என்ன ஆகிறார்கள் என்பதை நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 பேர். முறைகேடுகளுக்காக அந்நாட்டு அரசாங்கம் 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தொட்டு, தாயையும் கூடப்பிறந்தவர்களையும் தேடிக்கொண்டு இங்கே வருகிறார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு பிள்ளைகளை அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதபடி 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குப் பொறுப்பளித்ததற்குப் பின்னால் இந்தப் பழைய அனுபவமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குடும்பத்தை எங்கே தேடுவது என்பது மிச்சம். இந்தியாவில் தத்தெடுக்கப் பதிவு செய்யும் தம்பதிகள், உடன்பிறந்தவர்களைச் சேர்த்து ஏற்கத் தயார் என்று படிவத்திலேயே குறிப்பிடலாம். நம் ஜமாஅத்துக்களில் அப்படி ஒரு பதிவு இல்லை, வைத்தால் என்ன? பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் கொப்பி ஒன்று போதும். எந்த வீட்டில் இரண்டு அறை மிச்சம், எந்த வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள், யார் இரண்டு பேரை, யார் மூன்று பேரை ஏற்பார்கள் என்று எழுதி வைக்கலாம். என் அனுபவத்தில் கைக்குழந்தை தேடும் தம்பதியைவிட, ஐம்பதைத் தொட்ட, தம் பிள்ளைகளை வளர்த்து முடித்த உம்மா வாப்பாதான் மூவருக்குப் பொருத்தம். அவர்களுக்கு ஒரே பயம் செலவு. மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் சாப்பாடும் லேசானது அல்ல. ஏழை யதீம்கள் மிஸ்கீன்கள் என்ற வகையில் ஸக்காத்துக்கு உரியவர்கள். இல்லக் கட்டடத்துக்கு இன்னொரு மாடி கட்டும் ஸதகாவில் ஒரு பகுதியை இந்த வீடுகளுக்கு மாதாமாதம் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு வாப்பா விட்டுப்போன காணியோ வள்ளமோ இருந்தால் அது வளர்ப்பவரின் கணக்கில் கலக்கக் கூடாது. நிஸா அத்தியாயத்தின் தொடக்கம் இதில் கடுமையாகப் பேசுகிறது. தனிக் கணக்கு, இரண்டு சாட்சிகள்.

எல்லா உடன்பிறப்புகளையும் எந்த நிலையிலும் சேர்த்தே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூத்தது சின்னதை அடித்து நோவிக்கிற வீடுகளும் உண்டு, அதைவிட மோசமானதும் உண்டு. அதை அறிய அலுவலர்கள் பிள்ளைகளோடு தனித்தனியே பேச வேண்டும். ஜமாஅத் அந்தப் பேச்சைத் தடுக்கக் கூடாது.

நயினாதீவு என்றால் பிரதேச செயலகம் வேலணை. அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் சந்திக்க வேண்டும். வழக்கு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ். நெடுந்தீவு என்றால் படகிலேயே ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு திகதி விழுந்தால் பாதி வழியிலேயே குடும்பம் சலித்துவிடும். அதனால் முதல் நாளே, மூவரின் பெயரையும் ஒரே அறிக்கையில் எழுதும்படியும் ஒரே திகதியில் கூப்பிடும்படியும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: மூன்று பிறப்புச் சான்றிதழ், உம்மா வாப்பாவின் மரணச் சான்றிதழ், நிகாஹ் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், பள்ளிவாசல் கடிதம், ஏற்கும் குடும்பத்தின் அடையாள அட்டைப் பிரதிகள். மூத்தவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளிடமும் கேட்பார்கள், கேட்க வேண்டும்.